ஒரு கட்டிலுக்கு ஒரு லாரி

போதகர் வீட்டைக் காலி செய்ய வந்த லாரிக்காரர் ஐந்து அறைகளையும் சுற்றிப் பார்த்தார். ஒரு கட்டில், ஒரு மேசை, இரண்டு பெட்டி. அவ்வளவுதான் இருந்தது.

"மிச்சத்த முன்னாடியே கடத்தியாச்சா, ஐயா?"

"மிச்சம்னு எதுவும் இல்லண்ணே."

"நான் பார்க்காத போதகரா? உங்களுக்கு முன்னால இருந்தவருக்கு மூணு நடை அடிச்சேன். பிரசங்கத்துல மட்டும் எளிமை பொங்கும்."

போதகர் சிரித்தார். "கோயிலுக்குப் பின்னால, காவல்காரர் அறையில இறக்கணும்."

"அந்தப் புறாக்கூண்டுலயா? எதுல மாட்டினீங்க?"

"நானே கேட்டு வாங்கினது. படிக்க, ஜெபம் பண்ண, ஒருத்தனுக்கு அது போதும்."

லாரிக்காரர் நம்பவில்லை. "நூறடி தூரத்துக்கு லாரி எதுக்கு? தலையில தூக்கிட்டே போயிருக்கலாமே."

"லாரி எனக்கில்லண்ணே. காவல்காரர் குடும்பம் இந்த வீட்டுக்கு வருது. ஏழு பேர், அவங்க சாமான ஏத்தத்தான் லாரி. அந்த ஒரே அறையில முறை வச்சுத் தூங்கிட்டு இருந்தாங்க."

போதகர் தூக்கப் போன கட்டிலை லாரிக்காரர் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நகருங்கய்யா. முதல்ல அவங்களக் கூட்டிட்டு வருவோம். உங்க கட்டில நான் தலையில தூக்கிட்டு வர்றேன்."