எட்டு வரிசை

"பூச்சிமருந்து அடிக்கிறவளுக்கு அரசாங்க மானியமா? நல்லா இருக்கு சார் உங்க நியாயம்."

காளிகாட்டிலிருந்து நியூ டவுன் வரை பஸ்ஸில் கொதித்துக்கொண்டே வந்த வீரபாண்டியன், வேளாண்மை அலுவலகத்துக்குள் நுழைந்ததும் பொங்கிவிட்டார்.

"முதல்ல உட்காருங்கோ," என்றார் அதிகாரி பட்டாபி. கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். "இயற்கை விவசாயமும் நடக்கட்டும், மருந்து அடிக்கற விவசாயமும் நடக்கட்டும். ஒண்ணால இன்னொண்ணு கெடக் கூடாது. அதுக்குத்தான் இந்தத் திட்டம்."

"பாலையும் விஷத்தையும் பக்கத்துல பக்கத்துல வைக்கிறதுக்கு ஒரு திட்டம்."

"நடுவுல இடம் விட்டு வைக்கறதுக்கு. இவா தன் வயல் ஓரத்துல எட்டு வரிசைக்கு மருந்து அடிக்காம விடறா. அதைப் பூச்சி தின்னுடறது. அந்த நஷ்டத்துக்குத்தான் மானியம்."

'இவா' என்று அவர் காட்டிய மேக்னா, எதிர் நாற்காலியில் பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தமிழ் தெரியாது. ஆனால் பேச்சு தன்னைப் பற்றித்தான் என்பது வீரபாண்டியன் முகத்திலேயே தெரிந்தது.

பக்கத்தில் சந்தீப். மேக்னாவின் வயலை ஒட்டி நிலம் வைத்திருப்பவர். பதினோரு வருஷமாக மருந்து என்பதையே தொட்டதில்லை. அவருடைய அரிசிதான் வீரபாண்டியன் மளிகைக் கடையின் பெருமை. 'ஒரு துளி ரசாயனம் இல்லை' என்று மூன்று பாஷையில் போர்டு வைத்திருந்தார்.

போன மாதம் அதிகாரிகள் வந்து வயலில் நெல்லும் கடையில் அரிசியும் பரிசோதனைக்கு எடுத்துப் போனார்கள். போன வாரம் கடிதம் வந்தது. அரிசியில் மருந்து இருக்கிறதாம். இரண்டு பக்கக் கடிதத்தில் முதல் பக்கத்துக்கு மேல் வீரபாண்டியனுக்குப் பொறுமை இல்லை. மேக்னாவின் மானியத்தை நிறுத்தச் சொல்லி உடனே புகார் எழுதிவிட்டார். அதை விசாரிக்கத்தான் பட்டாபி இன்று மூன்று பேரையும் வரச் சொல்லியிருந்தார்.

"என் கடை அரிசி எப்படிப்பட்டது தெரியுமா சார்? எட்டு மாசம் மூட்டையில கிடந்தாலும் ஒரு வண்டு விழாது. அவ்வளவு சுத்தம். அதுல போய் மருந்துன்னா வயிறு எரியுதா இல்லையா?"

சட்டைப்பையில் போன் அடித்தது. கடையிலிருந்து மனைவி ராமாயி. வீரபாண்டியன் எடுக்கவில்லை.

மேக்னா தயங்கித் தயங்கி வங்காளத்தில் சொன்னாள். "நான் அந்த எட்டு வரிசையைத் தொடுறதே இல்லை. என்னோடது குத்தகை நிலம். மானியத்தை நிறுத்திட்டா, அப்புறம் அதையும் சும்மா விட எனக்குக் கட்டுப்படியாகாது."

"நடிக்காத. ராத்திரியோட ராத்திரியா அடிச்சிருப்ப," என்று அவளுடைய பாஷையிலேயே சீறினார் வீரபாண்டியன்.

சந்தீப்புக்குப் பொறுக்கவில்லை. "திட்டம் வந்து ரெண்டு வருஷம்தான் ஆகுது. மேக்னா அக்கா ஆறு வருஷமா அந்த இடத்தை விட்டு வைக்கிறாங்க. யாரும் கேட்கலை. காத்து என் பக்கம் வீசினா அன்னிக்கு மருந்தே அடிக்க மாட்டாங்க."

"நீ ஒரு அப்பாவிய்யா. உன் தலையில மிளகாய் அரைச்சிட்டிருக்கா. உனக்கும் சேர்த்துத்தான் நான் தொண்டை கிழியக் கத்துறேன்."

சந்தீப் தலையைக் குனிந்துகொண்டார். மேக்னாவின் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்தும் வீரபாண்டியனுக்கு இரக்கம் வரவில்லை. ஊருக்கெல்லாம் நல்ல அரிசி கொடுக்கிற மனுஷனுக்கு இப்படி ஒரு அவமானமா என்றுதான் ஆத்திரம் வந்தது.

"ஒண்ணு இவ மானியத்தை நிறுத்துங்க, இல்ல நான் பத்திரிகைக்குப் போறேன்," என்றார் பட்டாபியிடம், மறுபடி தமிழில்.

பட்டாபி கோப்பைப் புரட்டினார். "கடிதத்தோட ரெண்டாம் பக்கம் பாத்தேளா?"

"முதல் பக்கமே போதும் சார்."

"வயல்ல எடுத்த நெல்லுல ஒண்ணுமே இல்லை. இவா வயலை ஒட்டி எடுத்ததுகூட சுத்தம். உங்க கடையில எடுத்த அரிசியிலதான் இருக்கு. அதுவும் வயல்ல அடிக்கற மருந்து இல்லை."

"பின்ன என்ன? அரிசியில தானா முளைச்சுதா?"

போன் மறுபடியும் அடித்தது. எடுத்தால்தான் ஓயும். ராமாயிக்குக் கடைத்தெருவில் பேசிப் பழகிய குரல். போனைக் காதில் வைத்தாலும் அறை முழுக்கக் கேட்டது.

"ஏங்க, எத்தனை வாட்டி அடிக்கிறது? பயறு மூட்டைக்கெல்லாம் வண்டு மாத்திரை போட்டாச்சு. சந்தீப் அரிசிக்கு எப்பவும் போல மூட்டைக்கு ரெண்டுதானே?"

வீரபாண்டியன் போனை அணைத்தார். இவ்வளவு நேரம் தொடாத நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"என்ன சொல்றாங்க?" என்று மேக்னா பட்டாபியைக் கேட்டாள்.

பட்டாபி கோப்பை மூடி வைத்துவிட்டு வீரபாண்டியனைப் பார்த்தார்.

"நீங்களே சொல்லுங்கோ. அவாளுக்குப் புரியற பாஷையில."