கவனிப்பு

தூதரக அறையில் மதிய வெயில் கண்ணாடி ஜன்னல் வழியாக மேசைமேல் விழுந்து கிடக்கிறது. ஏசி மட்டும் உறுமிக்கொண்டிருக்கிறது. தனிநாடு கேட்டுச் சண்டை நடக்கும் மலைப்பக்கத்திலிருந்து வந்திருக்கும் அம்மா, ராணுவம் இழுத்துக்கொண்டு போன மகனின் படத்தை அந்த வெயிலுக்குள் நகர்த்தி வைக்கிறாள். வெளிநாட்டு அதிகாரி குனிந்து பார்க்கிறார். கெட்ட மனிதர் இல்லை. தன் மொழியில் மெல்ல ஏதோ சொல்லிவிட்டு, நடுவில் இருக்கும் மொழிபெயர்ப்பாளினியைப் பார்க்கிறார். அவளும் வாய்க்கு வந்த சொல்லைப் போட்டுவிடுகிறாள்: "அவங்க அரசாங்கம் எல்லாத்தையும் நல்லா கவனிச்சுக்கிட்டிருக்காம்மா."

அம்மாவின் முகத்தில் விளக்கேற்றினாற்போல் ஒரு வெளிச்சம். "கவனிச்சுக்கிறாங்களா? அப்போ என் புள்ள இவங்ககிட்டயா இருக்கான்? வேளாவேளைக்குச் சாப்பிடுறானா?" எட்டி அதிகாரியின் கையைப் பிடித்துக்கொள்கிறாள். அவரும் ஒன்றும் புரியாமல் சிரிக்கிறார். மொழிபெயர்ப்பாளினிக்குத் தன் தவறு உறைக்கிறது. வேறு சொல்லா கிடைக்காமல் போயிற்று? கொட்டிய சொல்லை அள்ளவா முடியும்?

"அந்தக் கவனிப்பு இல்லம்மா..." அவள் திருத்திச் சொல்கிறாள். "அங்க நடக்கிறதை இங்கேருந்து பார்த்துக்கிட்டு இருக்காங்க. அவ்வளவுதான்."

அம்மாவின் பிடி தளர்கிறது. படத்தை எடுத்து முந்தானையால் ஒருமுறை துடைத்து மடியில் கவிழ்த்துக்கொள்கிறாள். அதிகாரி, என்ன ஆயிற்று என்பதுபோல் இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

"அவனை இழுத்துட்டுப் போனப்போ," என்கிறாள் அம்மா, குரலில் கோபமே இல்லாமல், "எங்க தெருவே பார்த்துக்கிட்டுத்தான் இருந்துச்சும்மா."