அதிகாரி வந்து போனாள்

முதியோர் பராமரிப்பு உதவிக்கு மனுப் போட்டு, அலைந்து, காந்திமதி அலுத்துப்போன பிறகுதான் அந்தச் சின்ன வயது அதிகாரி விசாரணைக்கு வீட்டுக்கே வந்தாள். உதவி கிடைத்தால் அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் பகலில் ஓர் ஆள் வரும். காந்திமதி மறுபடி வேலைக்குப் போகலாம். முதலில் கொஞ்சம் தூங்கலாம். "போன தீபாவளியிலேர்ந்து படுக்கைதான் மேடம். தானா புரளக்கூட முடியாது" என்று சொல்லிக்கொண்டே அறைக்குள் கூட்டிப்போனாள். அதிகாரியின் கழுத்தில் அடையாள அட்டை ஆடியது. கலெக்டர் அறை வாசலில் டவாலியாக நின்றே ஓய்வுபெற்ற அப்பா அதைப் பார்த்தார். கட்டிலைப் பற்றி எழுந்தார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டு, கைகட்டி, விறைப்பாக நின்றார்.

"நல்லா நிக்கிறாரேம்மா."

"இன்னிக்குத்தான் மேடம், சத்தியமா."

அதிகாரி எதையோ எழுதிக்கொண்டு கிளம்பினாள். தெருவில் அவள் வண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்தது. அப்பாவின் முழங்கால்கள் வெடவெடத்தன. காந்திமதி ஓடிவந்து பின்னாலிருந்து அவரைத் தாங்கிக்கொண்டாள்.

"உக்காருங்கப்பா. அவங்க போயாச்சு."

"இன்னும் உக்காரச் சொல்லலியேம்மா" என்றார் அப்பா, வாசலையே பார்த்துக்கொண்டு.

அவரைப் பிடித்தபடி காந்திமதியும் நின்றாள்.