கட்டிலுக்கும் கல்மேடைக்கும் இடையே

மார்ச் பதினான்காம் நாள், வியாழக்கிழமை, காலை ஆறு மணி. சமையலறைக் கல்மேடையில் இரவெல்லாம் மின்னேறிக் கிடந்த கைப்பேசியின் மின்னேற்றிச் சுவிட்சை அணைத்தேன். திரையில் ஒரு தவறிய அழைப்பு இருந்தது. நேரம்: இரவு இரண்டு பத்து.

எண் என் தங்கையுடையது.

எங்களுக்குள் பேச்சு நின்று பதினோரு ஆண்டுகள். தவறு அவளுடையது. சென்ற மாதம் அவள் கணவர் காலமானார். மூன்றாம் மனிதர் சொல்லித்தான் அறிந்தேன். போகவில்லை.

தீயணைப்பு அலுவலகத்தில் முப்பத்தோர் ஆண்டுகள் விபத்து அறிக்கைகளைத் தட்டச்சு செய்தவள் நான். தலையணைக்கடியில் மின்னேறிய கைப்பேசிகளைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 'காரணம்: கவனக்குறைவு' என்று என் விரல்களே அடித்திருக்கின்றன. ஆகவே என் வீட்டில் கைப்பேசி கல்லின்மேல்தான் இருக்கும். அதன் அருகே துணியோ காகிதமோ கூடாது. படுக்கையறைக்கும் அதற்கும் இடையே இரண்டு கதவுகள் சாத்தியிருக்கும்.

அதனால்தான் மணி கேட்கவில்லை.

திருப்பி அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"ராத்திரி கூப்பிட்டிருந்தியே?"

"அதுவா... ஒண்ணுமில்லக்கா. கை தவறிப் பட்டுடுச்சு."

"பாத்து அழுத்தக் கூடாதா?" என்று வைத்துவிட்டேன்.

மாலையில், கட்டிலின் மறுமுனையைப் பிடிக்கப் பக்கத்து வீட்டுக்காரரை அழைத்தேன்.

"அடுப்படியில கட்டிலா? ஏம்மா, நடுராத்திரியில பசிக்குதா?" என்று சிரித்தார்.

பகலில் மின்னேற்றிவிட்டு இரவில் தலைமாட்டில் வைத்துக்கொள்ளலாமே என்றும் சொன்னார். தலைமாட்டில் கைப்பேசி கூடாது என்பது என் விதி. யாரோ ஒருத்தி அழைத்தாள் என்பதற்காக விதியை மாற்றுவதில்லை.

அவரிடம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

என் தங்கையிடம் கைப்பேசி கிடையாது. அவள் வீட்டில் இருப்பது, சுவரோரம் கம்பியில் கட்டுண்டு கிடக்கும் பழைய தொலைபேசி. பத்து இலக்கங்களையும் ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். என் எண்ணை நான் அவளுக்குக் கொடுத்ததும் இல்லை.

கவனக்குறைவால் பத்து இலக்கங்கள் வரிசை பிறழாமல் விழுவதில்லை.

முடிவு வருமாறு: கைப்பேசி கல்மேடையிலேயே இருக்கும். எரிவாயு வால்வு இரவில் மூடப்படும். கட்டில் சமையலறையில், மேடையிலிருந்து நான்கு அடி தள்ளிப் போடப்பட்டது, அளந்து பார்த்தாயிற்று.

இடையில் கதவு எதுவும் இல்லை.