டர்போவுக்கு முன் பிரேக்

"அக்கா, பார்த்து வாங்கோ. நிலத்தில எண்ணெய் கிடக்கு."

"அக்காவெல்லாம் வேண்டாம். கோபிஷா எண்டால் போதும்" என்றபடி அவள் எண்ணெயைத் தாண்டிக் கால் வைத்தாள்.

சுவிஸில், பேர்ண் நகருக்கு வெளியே, ஒரு மாட்டுப் பண்ணையின் பின்பக்கத்தில் சாயிசன் வாடகைக்கு எடுத்திருந்த கொட்டகை அது. நடுவில் அவனுடைய பழைய சிவப்பு சிவிக் கார், மூடி திறந்தபடி நின்றது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளி வலுவைக் கூட்டும் டர்போவை அதற்குப் பூட்ட வேண்டும் என்பது அவனுடைய நான்கு வருடக் கனவு. ஆனால் எஞ்சினின் வலுவைக் கூட்டினால் சோதனைக் கூடத்தின் சான்று வேண்டும். அது இல்லாவிட்டால் எம்.எஃப்.கா. என்ற அரசாங்க வாகனப் பரிசோதனையில் காரைத் தெருவுக்கே விடமாட்டார்கள்.

"கோயில்ல பழக்கமான ஆக்களின்ர பிள்ளை ஒண்டு, பீல் நகரில எஞ்சின் சோதிச்சுச் சான்று குடுக்கிற இடத்தில வேலை. வந்து பார்க்கச் சொல்லட்டோ?" என்று அம்மா இராஜேஸ்வரி கேட்டபோது அவனுக்குத் தலைகால் புரியவில்லை. இன்று காலையில் அம்மா பிளாஸ்கில் தேநீரும், ஒரு பெட்டி ரோல்ஸும் தந்தாள். சட்டையைக்கூட அயர்ன் பண்ணி வைத்திருந்தாள். "படிச்ச பிள்ளை வருது. ஊத்தை ரீசேட்டோட நிக்காத. தேத்தண்ணியை நீயே ஊத்திக் குடு."

"ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்கோவன்" என்றாள் கோபிஷா.

"ஐயோ, இண்டைக்கு ஞாயிறு, இஞ்ச சத்தம் போடக்கூடாத நாள்! சத்தம் கேட்டால் பண்ணைக்காரக் கிழவன் பறந்து வருவான். அவன்ர மாடுகள் நாள் முழுக்க மணி அடிக்கலாம். நாங்கள் தும்மக்கூடாது."

அவள் சிரித்தாள். "அப்ப ஸ்பார்க் பிளக்குகளைக் கழட்டித் தாங்கோ."

நான்கையும் கழற்றிக் கொடுத்தான். அவள் அவற்றை ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்து, டோர்ச் அடித்துப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து மெல்லிய கம்பி போன்ற ஒரு கமராவை எடுத்து, பிளக் இருந்த துவாரத்துக்குள் மெதுவாக இறக்கினாள். கைபேசித் திரையில் எஞ்சினின் உட்புறம் தெரிந்தது.

சாயிசன் திரைக்கு அருகே குனிந்தான். நான்கு வருடமாகத் துடைத்துத் துடைத்துப் பார்த்த எஞ்சின்தான். ஆனால் அதன் உள்ளே இப்படி ஒரு வெள்ளி மண்டபம் இருக்குமென்று அவன் நினைத்ததே இல்லை. கருவறைக்குள் தீபம் காட்டும்போது எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது.

"இந்தக் குறுக்குக் கோடுகள் தெரியுதோ? ஃபக்டரியில கீறினது. இன்னும் அழியேல்லை. குளிர் எஞ்சினை நீங்கள் ஒருநாளும் வேகமா மிதிச்சதில்லை. சூடாகுமட்டும் பொறுமையா ஓடியிருக்கிறியள்."

"இதில அதெல்லாம் தெரியுமோ?"

"எஞ்சின் பொய் சொல்லாது." அவள் குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதினாள். "இப்ப நூற்றறுபது குதிரைவலு. எத்தினை வேணும்?"

"இருநூற்றைம்பது."

"பிரேக்?"

"அது போன வருசமே பெரிசா மாத்திட்டன். ஓடுறதுக்கு முதல் நிக்கத் தெரியவேணும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி எழுதினாள். "கழட்டின பழைய சாமானுகள்?"

அவன் அலுமாரியைத் திறந்து காட்டினான். ஒவ்வொரு பெட்டியிலும் இலக்கமும் திகதியும். அவள் எழுதுவதை எட்டிப் பார்க்க முயன்றான். அவள் புத்தகத்தைச் சரித்துக்கொண்டாள்.

"இந்த எஞ்சினில ஏற்கெனவே அழுத்தம் கூட. அப்பிடியே டர்போவைப் பூட்டினால் பிஸ்டன் உருகும். முதல்ல பிஸ்டனை மாத்துவம். காற்றைக் குளிராக்கிறதை முன் பம்பருக்குள்ள வைப்பம். இருநூற்றைம்பதை மறந்திடுங்கோ. இருநூற்றுப் பத்து."

ஒரு தாளில் அவள் விறுவிறுவென்று வரைந்தாள். குழாய்கள், அளவுகள், அம்புக்குறிகள். அவன் நான்கு வருடமாகத் தேடிய பாதை பத்து நிமிடத்தில் கோடாகிக்கொண்டிருந்தது.

"இருநூற்றுப் பத்து காணும். அம்மாவும் பயப்பிடாமல் ஏறுவா" என்றான். அப்போதுதான் பிளாஸ்க் நினைவுக்கு வந்தது. கையைக் கழுவி, தேநீரை ஊற்றி, ரோல்ஸையும் நீட்டினான்.

"ஞாயிறெல்லாம் இதோடயோ? வீட்டில ஏசமாட்டினமோ?"

"ஏசாமல்? போன மாசம் அம்மா சொன்னா, கலியாணத்துக்குப் பார்க்கிற ஒரு பிள்ளை கோயிலுக்கு வருமாம். அந்தப் பிள்ளைக்குத் தெரியாமல், தூர நிண்டு பார்க்கட்டாம். நான் போகேல்லை. சந்தையில கத்தரிக்காய் பார்க்கிற மாதிரி, ஒரு ஆளை அந்த ஆளுக்கே தெரியாமல் பார்க்கிறதோ?"

கோபிஷாவுக்குப் புரையேறியது. அவன் பதறிப்போய்த் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான்.

இருமல் அடங்கியதும் அவள் புத்தகத்தை மூடினாள். சாயிசன் அருகில் வந்து நின்றான்.

"சொல்லுங்கோ. தேறுமோ, தேறாதோ?"

"தேறும். ஆனால் சான்றில நான் கையெழுத்துப் போடமாட்டன்."

அவன் முகம் விழுந்துவிட்டது. "ஏன்? என்ன பிழை?"

அவள் கைபேசியில் ஒரு எண்ணை அழுத்தினாள்.

"அன்ரி, பார்த்திட்டன். ஓம், தேத்தண்ணியும் தன்ர கையாலதான் ஊத்தித் தந்தவர். எனக்குப் பிடிச்சிருக்கு. இனி அவரைக் கேளுங்கோ."

கைபேசியை அவனிடம் நீட்டினாள்.

"உங்கட அம்மா. நீங்கள் ஓம் எண்டு சொன்னால், சொந்தக்காரரின்ர காருக்கு நான் எப்பிடிக் கையெழுத்துப் போடுறது?"