இரண்டாவது இண்டெக்ஸ்

பதிவு கவுண்டரில் நிர்வாகியே வந்து உட்கார்ந்து, ஒரு நோயாளியின் பெயரில் முதல் மூன்று எழுத்தைத் தட்டினார். திரையில் வட்டம் சுற்றியது.

சுற்றிக்கொண்டே இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. ஒருவர் எக்ஸ்ரே உறையால் விசிறியபடி என்னை முறைத்தார். தேடலை எழுதிய புண்ணியவதி நான்தான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போல.

பழைய சர்வரில் இதே தேடல் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். புது சர்வருக்கு இன்றுதான் முதல் நாள்.

என் பக்கத்தில் சர்வர் பொறுப்பாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவில் நாங்கள் இருவர்தான். இருவருமே ஒப்பந்த ஊழியர்கள். ஒருவரைத்தான் நிரந்தரமாக்க முடியும், புது சர்வர் ஓடட்டும், பார்க்கலாம் என்று நிர்வாகி சொல்லியிருந்தார். அந்த ஒருவராக நான் இருக்க வேண்டும் என்று எவ்வளவு நாய்ப்பாடு பட்டிருப்பேன்!

ஆனாலும் எனக்குப் பயமில்லை. கோளாறு எங்கே என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்ற பொறுப்பாளருக்கும் தெரியும்.

எல்லாம் லொக்கேல் செய்யும் வேலை. பெயர்களை எந்த மொழியின் வரிசையில் அடுக்குவது என்று டேட்டாபேஸுக்குச் சொல்லும் அமைப்பு அது. பழைய சர்வரில் மொழி எதுவும் வைக்கவில்லை. புதியதில் பட்டியல் அழகாக வரும் என்று அவர் மொழி வரிசையை வைத்தார்.

அப்படி வைத்தால், முதல் சில எழுத்தை மட்டும் தட்டித் தேடும்போது, பெயரைச் சட்டென்று எடுத்துத் தரும் சாதாரண இண்டெக்ஸ் உதவாது. அது பாட்டுக்கு ஒரு மூலையில் கிடக்கும். டேட்டாபேஸ் லட்சக்கணக்கான பெயர்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்துவிடும். இந்த மாதிரித் தேடலுக்கென்றே இரண்டாவதாக ஒரு இண்டெக்ஸ் போட வேண்டும்.

இதையெல்லாம் போன மாதமே அவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். போடும் அனுமதி அவருக்கு மட்டும்தான். சரி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நம்பினேன்.

நிர்வாகி திரும்பி எங்கள் இருவரையும் பார்த்தார். பொறுப்பாளர் வாயைத் திறக்கட்டும் என்று நான் காத்திருந்தேன். தவறு யார் மேலும் விழாமல் அவரே பக்குவமாகச் சொல்வார் என்று நினைத்தேன்.

"மேடம் எழுதின தேடல்தான் சார். படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேக்கல."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

அவர் நிதானமாகத் தன் மடிக்கணினியைத் திறந்தார். இரண்டாவது இண்டெக்ஸுக்கான கட்டளை ஏற்கெனவே அடித்துத் தயாராக இருந்தது. நான் சொல்லித் தந்தது, ஒரு எழுத்துகூட மாறவில்லை. அவர் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் ஒரு பொத்தானை அழுத்துவதுதான்.

கொஞ்ச நேரத்தில் பெயர்கள் பொலபொலவென்று திரையில் கொட்டின. வரிசை நகர்ந்தது. எக்ஸ்ரேக்காரர்கூடச் சிரித்தார்.

"நீங்க ஒருத்தர் போதும்யா எனக்கு" என்று நிர்வாகி அவர் தோளைத் தட்டினார்.

வயிறு எரிந்தது. வேலை போனதற்கு அல்ல.

இந்த வேலை யாருக்குக் கிடைத்தால் என்ன, சம்பளம் நம் வீட்டுக்குத்தானே வரப்போகிறது என்று காலையில் என் ஹெல்மெட் வாரை மாட்டிவிட்டபடியே சொன்னதும் இதே மனிதர்தான்.