பூட்டின பெட்டி

திரையில் மூன்று முகங்கள். மூன்றும் அவளைப் பார்த்து வாயசைத்தன.

சத்தம் வரவில்லை.

அவளும் பேசினாள். நடுவிலிருந்த அம்மாள் தன் காதைத் தொட்டுக் காட்டி, இல்லை என்று தலையாட்டினார்.

ஆறு வருடம் கழித்து வந்த நேர்காணல். ஓசூரில் வேலை. கணினியில்தான் வர வேண்டும், கைபேசி கூடாது. பத்து நிமிடம் பொறுக்கிறோம் என்று எழுதினார்கள்.

நேற்றுவரை இந்த மடிக்கணினி நன்றாகத்தான் பேசியது. நேற்று சாயங்காலம் அவள் கணவன் அதைச் சுத்தம் செய்தான். கடையில் போட்டுக் கொடுத்த விண்டோஸை அழித்துவிட்டு, யாரும் பிரித்துப் பார்க்கக்கூடிய லினக்ஸை ஏற்றினான்.

கூடத்துக்கு ஓடினாள்.

"என்னங்க, சத்தமே வரல. எட்டு நிமிஷம்தான் இருக்கு."

அவன் தோசையிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

"வராது. அந்த சவுண்டு சிப்பு எந்திரிக்கணும்னா கம்பெனிக்காரனோட கோப்பு ஒண்ணு வேணும். உள்ள என்ன இருக்குன்னு எவனுக்கும் தெரியாது. பூட்டின பெட்டி. அத என் வீட்ல ஏத்த மாட்டேன்."

"இன்னிக்கு மட்டும்."

"இன்னிக்கு மட்டும்னுதான் கோதை, எல்லா அடிமைத்தனமும் ஆரம்பிக்குது. கொஞ்சம் சட்னி வை."

வைத்தாள்.

திரும்பி வந்தபோது முகங்கள் இல்லை. அடுத்தவரை அழைத்துவிட்டோம் என்று ஒரு வரி மட்டும் இருந்தது.

அவள் அழவில்லை. அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் மடிக்கணினியும் அவளுடையதும் ஒரே தீபாவளிக்கு, ஒரே கடையில் வாங்கியவை. ஒரே மாடல். அவனுடையதிலும் லினக்ஸ்தான்.

போன ஞாயிறு இணையத்தில் நடந்த கட்டற்ற மென்பொருள் கூட்டத்தில் அவன் இரண்டு மணி நேரம் பேசினான். கேள்வி கேட்டவர்களின் குரல் அடுப்படிவரை வந்தது.

அவன் குளிக்கப் போனான்.

அவன் கணினியைத் திறந்தாள். கடவுச்சொல்லை அவன் ஒளித்ததில்லை. ஒளிப்பது அவன் கொள்கையில்லை.

அந்தக் கம்பெனிக் கோப்பு இருந்தது. ஏற்றிய தேதி, வாங்கிய அதே நாள்.

பென்டிரைவில் நகலெடுத்தாள். பிறகு அவனுடையதிலிருந்து அழித்தாள்.

உடனே ஒன்றும் ஆகாது. அணைத்துத் திறக்கும்போதுதான் கணினி அந்தக் கோப்பைத் தேடும். கூட்டத்துக்கு முன்னால் ஒரு தடவை அணைத்துத் திறப்பது அவன் வழக்கம். பரீட்சைக்குப் போகிறவன் பிள்ளையாருக்குக் குட்டிக்கொள்வதுபோல.

கோப்பைத் தன்னுடையதில் போட்டாள். அணைத்துத் திறந்தாள். டிங் என்றது.

மூன்று மணிக்கு இணைய மாநாடு. இருநூறு பேர். முதல் பேச்சு அவனுடையது. நீலச் சட்டை கேட்டான். தேய்த்துக் கொடுத்தாள்.

அவன் அறைக் கதவு சாத்திக்கொண்டது.

அவள் படுக்கையறையில் உட்கார்ந்து, வேறொரு பெயரில் மாநாட்டுக்குள் நுழைந்தாள். எல்லோருடைய மைக்கும் மூடியிருந்தது. தொடங்கலாம் என்று அமைப்பாளர் எழுதினார்.

"கேக்குதா?"

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. கணினியிலிருந்து வரவில்லை.

அவள் முந்திக்கொண்டு எழுதினாள்: தெளிவாகக் கேட்கிறது ஐயா.

அவன் புன்னகைத்தான். படங்களைத் திரை நிறைய விரித்துக்கொண்டு பேச ஆரம்பித்தான். இனி யார் எழுதுவதும் அவன் கண்ணில் படாது.

சத்தம் வரவில்லை என்று மற்றவர்கள் எழுதிப் பார்த்தார்கள். கூடத்தில் அவன் கைபேசி அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது.

சுதந்திரம் என்றது சுவர்.

நூற்றெழுபது பேர். தொண்ணூறு. பதினொன்று.

நாற்பது நிமிடம் கழித்து அவன் படங்களை மூடினான். நெற்றியைத் துடைத்துக்கொண்டான். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றான்.

ஒருவர் மட்டும் மிச்சமிருந்தார்.

அவள் கேமராவைத் திறந்தாள். அவனைப் பார்த்து, குரலே எழுப்பாமல் வாயசைத்தாள்.

திரையில் அவன் கை மெல்லக் காதுக்குப் போனது.